சாரல் நாளில் ஏறிய முள்

கப்பலை நான் கிட்ட நின்று பார்த்ததில்லை. ஆனால் ஒரு கப்பல் எஞ்சினோடு பல வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் எங்களுக்கு ஒரு ரைஸ் மில் இருந்தது. ஐம்பதுகளின் கடைசியில் அந்தப் பக்கம் இன்னும் கரண்ட் வரவில்லை. போய்க் கேட்டால் அடுத்த வருஷம் என்பார்கள். அடுத்த வருஷம் போனால் அதையே இன்னும் மரியாதையாகச் சொல்வார்கள். ஆகவே மில் ஓட எஞ்சின் வேண்டும். சுற்று வட்டாரத்தில் மற்றவர்கள் எல்லாம் தரையில் ஓடுவதற்கென்று செய்த எஞ்சினை வாங்கினார்கள். நாங்கள் மட்டும் கடலில் ஓடியதை வாங்கினோம்.

காரணம் என் கணவர். அவர் சரக்குக் கப்பல்களில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் அப்படித்தான். வருஷத்தில் ஒரு மாதம் வீட்டில் இருந்தால் அதிகம். எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் பிறந்தபோது அவர் எந்தக் கடலில் இருந்தார் என்று எனக்குத் தெரியாது. ஊரில் யாராவது விசாரித்தால் கோபம்தான் வரும், அதனால் வாய்க்கு வந்த கடல் பேரைச் சொல்லி அனுப்பிவிடுவேன். பிறகு ஒருநாள் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கி, "இனிப் போவாண்டாம்னு இருக்கேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அதை அவரிடம் காட்டிக்கொள்ளாமல், "மொதல்ல கையக் கால அலம்பிட்டு வாங்க" என்றேன். என் சுபாவம் அப்படி. ஏச வேண்டுமானால் ஊருக்கே கேட்கும்படி ஏசுவேன். மற்றதெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிடும்.

அவருடைய அண்ணன்தான் எங்கள் குடும்பத்துக்குப் பெரியவர். நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். மாமனார் காலமான பிறகு வயலையும் வீட்டையும் கட்டிக்காத்தவர் அவர்தான். தம்பி வந்துவிட்டான், அவனுக்கு வயல் வேலை தெரியாது, எஞ்சின் வேலைதான் தெரியும் என்று மில் வைக்கச் சம்மதித்தார். எஞ்சினைப் பற்றித்தான் அவருக்கு மனமில்லை. யுத்தம் முடிந்து கழித்துக் கட்டிய ரோந்துப் படகு ஒன்றின் டீசல் எஞ்சின், கொச்சியில் பழைய கப்பல் சாமான் விற்கிறவரிடம் கிடந்தது. என் கணவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து அதன் பேரில் பித்தாகிவிட்டார். கொல்லம் வழியாகக் கூட்ஸ் வண்டியில் செங்கோட்டைக்கு வந்து இறங்கியது. இறக்கிய இடத்தில் அத்தான் அதை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார்.

"ஒரு சீசன் பாப்பேன்லே. ஒழுங்கா ஓடலேன்னா வித்துட்டு வேற எஞ்சின் போட்டுருவேன். அத ஓட்ட அந்த எஞ்சின்காரனே ஆள் அனுப்புவான்" என்றார்.

"அப்படின்னா நான் மறுபடியும் கப்பலுக்குத்தான் போவணும்" என்றார் இவர், சிரித்துக்கொண்டே.

இவர் சிரித்தார், அத்தானும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அந்த எஞ்சினின் சத்தத்தை நான் காதால் கேட்கவில்லை, வயிற்றால்தான் கேட்டேன். அது ஓடினால் இவர் இருப்பார். அது நின்றால் போய்விடுவார்.

அந்த எஞ்சினில் எங்கள் ஊர்க்காரர்கள் கண்டிராத ஒரு பொருள் இருந்தது. டாங்கிலிருந்து டீசல் எஞ்சினுக்குப் போகிற வழியில் அழுக்கை வடிகட்ட ஒரு ஃபில்டர். அந்த ஃபில்டருக்கும் டீசலை இழுக்கிற பம்புக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கேஜ். பித்தளை வளையம், கண்ணாடி, உள்ளே ஒரு முள், பூஜ்யத்திலிருந்து முப்பது வரை எண்கள். வேக்குவம் கேஜ் என்று இவர் சொன்னார். மில்லில் நெல்லின் உமியை நீக்குகிற ஹல்லரை ஓட்ட வந்தவர் அதைக் கப்பல் கடிகாரம் என்றார். அந்தப் பேரே நின்றுவிட்டது.

நெல் அவிக்கிற பாய்லரிலும் ஒரு கேஜ் உண்டு. ஆவி சேரச் சேர முள் ஏறும், ஏறினால் சந்தோஷப்பட வேண்டும். அந்தப் பழக்கத்தில் முதல் மாதமே ஹல்லர்க்காரர் ஒருநாள் ஓடிவந்து, "மதினி, கப்பல் கடிகாரத்துல முள்ளு நல்லா ஏறுது, எஞ்சினுக்கு இன்னைக்கு நல்ல பலம்" என்றார். நானும் அதை நம்பி அடுக்களையில் கொஞ்சம் நிம்மதியாக இருந்தேன். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் இருமி இருமி நின்றுபோனது.

அன்று சாப்பாட்டு வேளையில் இவரிடம் சண்டைக்குப் போனேன். "முள்ளு ஏறுனா பலம்தானே? பெறகு ஏன் நின்னுது?"

"அது பலத்தக் காட்டுத முள்ளு இல்ல பிள்ள. பம்பு படுத பாட்டக் காட்டுத முள்ளு" என்றார். "டீசல் தங்குதடையில்லாம வந்தா முள்ளு கீழ, ரெண்டுலயோ மூணுலயோ கெடக்கும். வழியில அடைப்பு இருந்தா பம்பு இன்னும் பலமா இழுக்கும். இழுத்தும் வரலேன்னா உள்ள வெறும் இடம் உண்டாவும். அந்த வெறும் இடத்தத்தான் இது அளக்குது."

"அப்போ முள்ளு பூஜ்யத்துலயே கெடந்தா ரொம்ப நல்லதா?"

"அப்பவும் சந்தேகப்படணும். ஃபில்டர் கிழிஞ்சு அழுக்கு அப்படியே உள்ள போனாலும் முள்ளு ஏறாது."

இதென்ன கிறுக்குப் பிடித்த கேஜ் என்று நினைத்தேன். அதுவரை அளவு காட்டுகிற சாமான் எதுவும் இருப்பதைத்தான் காட்டும் என்று எண்ணியிருந்தேன். மரக்கால் நெல்லைக் காட்டுகிறது, தராசு புளியைக் காட்டுகிறது. இது இல்லாததைக் காட்டுகிறது. அதிலும் ஒரு எண் நல்லதா கெட்டதா என்று எண்ணைப் பார்த்துமட்டும் சொல்ல முடியாது என்கிறார். நேற்று எங்கே இருந்தது, இன்றைக்கு எங்கே இருக்கிறது, எவ்வளவு நேரத்தில் அங்கே போனது, எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டுமாம். கண்ணாடியின்மேல் ஏழுக்கு நேராகச் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டுவைத்தார். முள் அந்தக் கோட்டைத் தொட்டால் ஃபில்டர் அடைத்துவிட்டது, மாற்ற வேண்டும். கப்பலில் அதுதான் வழக்கம் என்றார். அன்றும் ஃபில்டரைத்தான் மாற்றினார், எஞ்சின் ஓடியது.

அதன்பிறகு தொல்லையில்லை. பொங்கல் போயிற்று, சித்திரை வெயிலிலும் எஞ்சின் நன்றாகவே ஓடியது. அத்தானே நாலு பேரிடம், "கப்பல் எஞ்சினாக்கும்" என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்.

ஆனியில் சாரல் தொடங்கியது. எங்கள் பக்கத்துச் சாரலை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது சிரமம். அது மேலிருந்து விழுகிற மழை இல்லை, மலைக் கணவாயிலிருந்து காற்றோடு படுக்கையாக வருகிற தூற்றல். வெயிலும் அடிக்கும், நனையவும் செய்வோம். குடை பிடித்தால் தலை மட்டும்தான் தப்பும். அந்த இரண்டு மூன்று மாதமும் உப்பு ஜாடியில் உப்பு கசியும், கொடியில் போட்ட வேட்டி காயாது, அப்பளம் நமுத்துப் போகும். அதனால் எங்கள் வீட்டில் வாய் உள்ள பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் துணியால் வேடு கட்டிவைப்போம். அத்தானுக்கு அதில் தனி ஆசை. புளிப் பானை, ஊறுகாய் ஜாடி, வெல்லப் பானை என்று வரிசையாகத் தானே உட்கார்ந்து பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டுவார். ஒரு சுற்றோடு விடமாட்டார். அவர் போட்ட முடிச்சை அவிழ்க்க நானும் அவர் மனைவியும் பல்லைப் பயன்படுத்த வேண்டியிருக்கும்.

சாரல் தொடங்கிய அதே வாரத்தில் எஞ்சின் நிற்க ஆரம்பித்தது.

காலையில் நன்றாகப் புறப்படும். ஒரு மணி நேரத்தில் முள் மெல்ல ஏறும். சிவப்புக் கோட்டைத் தொடும், தாண்டும். எஞ்சின் இரும ஆரம்பிக்கும், பிறகு நின்றுவிடும். இவர் ஃபில்டரைக் கழற்றுவார். கழற்றும்போது காற்று 'ஸ்ஸ்' என்று உள்ளே போகிற சத்தம் கேட்கும். புது ஃபில்டர் போட்டதும் ஓடும். மறுபடியும் முள் ஏறும். அப்படியே நாள் போகும். சீசனில் குற்றாலத்துச் சாப்பாட்டுக் கிளப்புகளுக்கு அரிசி எங்கள் மில்லிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. அவர்களுடைய வண்டிகள் வந்து வாசலில் நிற்கும். மாடுகள் சாரலில் நனைந்துகொண்டு நிற்பதைப் பார்க்கிற வண்டிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு வார்த்தை சொன்னார்கள்.

இதில் விசித்திரம், வெயில் அடித்த நாட்களில் எஞ்சின் மக்கர் செய்யவில்லை. சாரல் நாட்களில்தான் நின்றது. அத்தான் இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். "டீசல்ல சாரல் தண்ணி கலக்குதுலே" என்றார். டாங்க் இருந்தது மில்லுக்கு வெளியே, பின்சுவரை ஒட்டிய செங்கல் மேடையில், எஞ்சினைவிடத் தாழ்வில். அத்தான் அதைச் சுற்றி ஓலைத் தட்டி அடைத்தார். மேலே தகரம் போட்டார். ஒவ்வொரு முறை எஞ்சின் நின்றபோதும் அங்கே போய் இன்னும் ஏதோ கட்டிவிட்டு வருவார்.

இவர் டீசலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். தண்ணீர் இல்லை. பிறகு டீசல் கொடுக்கிறவரைச் சந்தேகப்பட்டார். ஏனென்றால் டாங்கை நிரப்பிய அன்றைக்குத்தான் முள் வேகமாக ஏறியது, டாங்க் பாதி குறைந்த பிறகு அவ்வளவு தொல்லை இல்லை. புது டீசலில்தான் அழுக்கு என்று முடிவு செய்தார். கழற்றிய ஃபில்டர்களை வரிசையாக வைத்துப் பார்த்தார். அவற்றில் அப்படி ஒன்றும் அழுக்கு இல்லை. அதையும் பார்த்தார், பார்த்துவிட்டு மறுபடியும் முதல் ஃபில்டரிலிருந்து பார்க்க ஆரம்பித்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. ஒரு மனிதர் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றிலேயே நம்பிக்கை இழப்பதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது கஷ்டம்.

ஆடி பிறப்பதற்கு முன்னால் அத்தான் சொல்லிவிட்டார். "சீசன் முடியட்டும். இத வித்துருவோம்." குரலில் கோபம் இல்லை, அதனால்தான் அது முடிந்த பேச்சு என்று தெரிந்தது. மறுநாளே இவர் தூத்துக்குடியில் கப்பலுக்கு ஆள் சேர்க்கிறவருக்குச் சொல்லியனுப்பினார். திங்கட்கிழமை நேரில் வந்தால் இடம் இருக்கிறது என்று பதில் வந்தது. இவர் அதை என்னிடம் வந்து சொல்லிவிட்டு நின்றார்.

"ஒங்க இஷ்டம்" என்றேன். அரிசி களைந்துகொண்டிருந்தேன், நிமிரவில்லை.

வியாழக்கிழமை மில்லுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். வழக்கமாக ஹல்லர்க்காரர் வந்து வாங்கிப் போவார். அன்று அவர் வரவில்லை. அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று யாராவது சொன்னால் போதும், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்குப் போய்விடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. மில்லில் இவர் மட்டும் இருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே நல்ல சாரல்.

"நீ அந்த ஸ்டூல்ல உக்காந்து முள்ளப் பாத்துக்கோ. நான் போயி டாங்க்ல எவ்வளவு இருக்குன்னு கம்ப விட்டுப் பாத்துட்டு வாரேன். கோட்டத் தாண்டுச்சுன்னா சத்தம் குடு" என்றார்.

உட்கார்ந்தேன். முள் ஏற்கெனவே கோட்டில்தான் இருந்தது. என் வாழ்க்கையைக் கெடுக்க வந்த முள் என்று அதை முறைத்துப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விழுந்தது. மெல்ல இறங்கவில்லை, ஒரே தடவையில் கோட்டிலிருந்து மூன்றுக்கு வந்துவிட்டது. எஞ்சினின் இருமலும் நின்று சத்தம் சீரானது.

"ஏங்க! முள்ளு எறங்கிட்டு!" என்று கத்தினேன்.

அவர் ஓடிவந்தார். வந்து பார்த்தபோது மூன்றில் இருந்தது. "கண்ணாடியத் தட்டுனியா?" என்றார்.

"நான் ஏன் தட்டப் போறேன்? நீங்க அங்கன போனீங்க, இங்கன எறங்கிட்டு."

"நான் ஒண்ணும் செய்யலியே. மூடியத் தொறந்து கம்ப விட்டேன். அவ்வளவுதான்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். டாங்க் சுவருக்கு வெளியே, கேஜ் சுவருக்கு உள்ளே. டாங்கைத் திறக்கிறவர் முள்ளைப் பார்க்க முடியாது. முள்ளைப் பார்க்கிறவர் டாங்கைத் திறக்க முடியாது. இத்தனை நாளும் மூடியைத் திறந்தது எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான், டீசல் ஊற்றுவதற்காக. ஓடும்போது ஒருவர் அங்கேயும் ஒருவர் இங்கேயுமாக நாங்கள் நின்றதே இல்லை.

"மூடியப் போட்டுட்டு வாரேன். நீ கண்ண எடுக்காத" என்றார்.

மூடியபின் முள் ஏற ஆரம்பித்தது. அவசரமே இல்லாமல் ஏறியது. நான் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுவே எனக்குப் பெரிய காரியம். ஐந்தைத் தாண்டியதும் சொன்னேன். அவர் மறுபடியும் போய்த் திறந்தார். இந்த முறை எஞ்சின் சத்தத்தையும் மீறி டாங்க் மூச்சை இழுப்பது தனக்குக் கேட்டது என்று பிறகு சொன்னார். முள் மறுபடியும் விழுந்தது. நான் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினேன்.

தட்டிக்குள் அவர் குனிந்து நின்றிருந்தார். டாங்கின் பின்புறம், சுவர் ஓரமாக, ஒரு சின்னக் குழாய் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வருவதற்கு வைத்த குழாய். அதன் வாயில் துணி. ஒரு சுற்று இல்லை. வேட்டுக்குமேல் வேடு, அதற்குமேல் சணல் கயிறு, அதற்குமேல் இன்னொரு வேடு. எல்லாம் சாரலில் ஊறித் தோல்போல இறுகிக் கிடந்தது. கரையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அத்தானுடைய மயில்கண் வேட்டி.

சாரல் தொடங்கியதும் வீட்டுப் பானைகளோடு இதற்கும் அவர் வேடு கட்டியிருக்கிறார். வெயில் நாளில் துணி காய்ந்து கொஞ்சம் காற்றை விட்டது. சாரல் நாளில் நனைந்து அடைத்துக்கொண்டது. டாங்க் நிறைய இருக்கும்போது உள்ளே காற்றுக்கு இடமே இல்லை, அதனால் சீக்கிரம் திணறியது. எஞ்சின் நிற்க நிற்க அத்தான் சாரலைக் குற்றம் சொல்லி இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினார். சுற்றச் சுற்ற அது இன்னும் நின்றது. எல்லாம் ஒரு நிமிஷத்தில் புரிந்துபோனது. ஃபில்டர் பாவம், ஒரு குற்றமும் செய்யவில்லை; அதைக் கழற்றும்போது 'ஸ்ஸ்' என்று டாங்குக்குள் போன காற்றுதான் ஒவ்வொரு முறையும் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவைத்தது. முள் சொன்னது பொய்யும் இல்லை. பம்ப் கஷ்டப்படுகிறது என்றுதான் அது சொன்னது. அடைப்பு ஃபில்டரில்தான் இருக்கிறது என்று அது ஒருநாளும் சொல்லவில்லை, அதை நாங்களாகச் சேர்த்துக்கொண்டோம்.

"தெனமும் இந்தப் பக்கம் வாரீங்களே, இந்தத் துணி கண்ணுல படலியா?" என்று கேட்டேன்.

"பட்டுது. நம்ம வீட்டுல வேடு கட்டாத வாய் எது? இதையும் அப்படி நெனச்சுட்டேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்தத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு வயலுக்கே போய் அத்தான் முகத்துக்கு நேரே ஆட்ட வேண்டும் என்றிருந்தது. ஒரு பழைய வேட்டிக்காக என் வீட்டுக்காரர் கடலுக்குப் போக வேண்டுமா? புறப்பட்டும்விட்டேன். இவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சும்மா இரிட்டி. கப்பல்ல இந்தக் குழாய் எல்லாம் தல கவுந்து வளைஞ்சுதான் இருக்கும், தண்ணி உள்ள போகாது. நான் நேரா வச்சேன். மழையில்லாத மாசத்துல வச்சதால எனக்குத் தோணல. அண்ணன் பயந்தது சரிதான. சாரல் உள்ள போகத்தான் செய்யும்."

சாயங்காலம் அத்தான் குடையோடு வந்தார். இவர் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டூலில் உட்காரவைத்து, "அண்ணே, இந்த முள்ள மட்டும் பாத்துக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். என்னையும் அங்கே நிற்கச் சொன்னார், பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு. அத்தான் வெற்றிலை போட்டுக்கொண்டு பார்த்தார். இவர் வெளியே அந்த ஈரத்துணியைக் குழாயில் பழையபடி கட்டினார், காத்திருந்தார். முள் ஏறியது. அத்தான் நெற்றி சுருங்கியது. இவர் துணியை அவிழ்த்தார். முள் விழுந்தது. அத்தான் மெல்லுவதை நிறுத்தினார்.

"என்னலே செய்யுத அங்கன?" என்று கத்திக்கொண்டே எழுந்து போனார்.

நானும் பின்னால் போனேன். அத்தான் தம்பியின் கையிலிருந்த துணியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். படித்தவரோ இல்லையோ, புத்திசாலி. யாரும் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டே நின்றார்.

"நானே அது கழுத்த நெரிச்சுக்கிட்டு, மூச்சு விட மாட்டேங்கேன்னு ஏசிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ ஏம்மா பேசாம நிக்க? பேசு, எனக்கு அது வேணும்" என்றார்.

அவ்வளவு நேரம் சேர்த்துவைத்த வார்த்தை எல்லாம் எங்கேயோ போய்விட்டது. "உள்ள வாங்க அத்தான், நனையுதீங்க" என்றுதான் வாயில் வந்தது.

வெள்ளிக்கிழமை தென்காசிப் பட்டறையில் குழாயைக் குடைக் கைப்பிடி மாதிரி வளைத்து, வாய் கீழே பார்க்கிறபடி மாட்டினார்கள். வாயில் பூச்சி போகாமல் இருக்கச் சல்லடைக் கம்பி. அன்று பகல் முழுவதும் சாரல் நிற்கவில்லை. எஞ்சினும் நிற்கவில்லை. முள் மூன்றைவிட்டு நகரவில்லை. வண்டிகள் வரிசையாகக் குற்றாலத்துக்குப் போயின. அத்தான் வீட்டுக்கு வந்து ஊஞ்சலில் உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கும்படி, "எஞ்சின விக்கல" என்றார். தம்பியைப் பார்த்து, "தூத்துக்குடிக்குச் சொல்லியனுப்பினது ஒன் இஷ்டம்ப்பா. கப்பல்ல இருந்தவனுக்கு இந்த மில்லு போதுமான்னு எனக்குத் தெரியாது. நான் இரின்னும் சொல்ல மாட்டேன், போன்னும் சொல்ல மாட்டேன்" என்றார்.

இவர் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமையும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்தார். நான் அதைப் பார்த்தேன், பார்த்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. எஞ்சின் ஓடினால் இவர் இருப்பார் என்று அவ்வளவு நாளும் நம்பியிருந்தேனே, எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இவர் பெட்டியைத் துடைக்கிறார். அப்படியானால் போவதற்கு எஞ்சின் ஒரு சாக்கு மட்டும்தானா? உள்ளுக்குள் இவருக்குக் கடல்தான் வேண்டுமா? அந்த எண்ணத்தோடு அன்று சமைத்த குழம்பில் உப்பே போடவில்லை. வீட்டில் ஒருவரும் அதைச் சொல்லாமல் சாப்பிட்டார்கள். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை தூத்துக்குடி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசல்படியில் நின்றார். பெட்டி பக்கத்தில் இருந்தது. "அப்ப வரட்டுமா?" என்றார். வழக்கம்போல் சரி என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினேன். இரண்டு எட்டு வைத்தேன். அதற்குமேல் கால் போகவில்லை. திரும்பி வந்து அவர் முன்னால் நின்றேன்.

"போவாதீங்க" என்றேன். "எனக்குப் பிடிக்கல. ஒங்க இஷ்டம்னு சொன்னது பொய். நீங்க போனா என்னால முடியல."

நடுவாசலில் நின்றுகொண்டு, கொல்லையில் இருந்த அத்தானுக்கும் கேட்கும் அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னேன். எனக்குச் சின்னக் குரலில் பேச வராது.

 அவர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஒவ்வொரு தடவ கப்பலுக்குப் போகும்போதும் இத ஒருக்கா சொல்லுவியான்னு இந்தப் படியில நின்னு பாப்பேன்" என்றார். "நீ திரும்பி உள்ள போயிருவ. போனா போகட்டும்னு இருக்கியோன்னு நெனச்சுக்கிட்டு நான் பஸ் ஏறிருவேன்."

உள்ளே போய் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் அழுவது அந்தப் பத்து வருஷத்தில் அவருக்குத் தெரியவே தெரியாது. அன்றைக்குத்தான், தூத்துக்குடி பஸ் அவரை விட்டுவிட்டுப் போன பிறகு, சொன்னேன்.